சாக்கடை மண் காய மூன்று நாள்

சாக்கடையிலிருந்து அள்ளிப் போட்ட மண்ணுக்கு நாளுக்கு ஒரு நாற்றம் உண்டு. முதல் நாள் அழுகிய முட்டை. இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் புளித்த மாவும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை. மூன்றாம் நாள் மேலே காய்ந்து வெடித்து யோக்கியமாகத் தெரியும். யாராவது அதன்மேல் சைக்கிளை ஏற்றிவிட்டால் உள்ளேயிருந்து முதல் நாள் நாற்றம் புதிதாகக் கிளம்பும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். வேறு எதில் எனக்குத் தேர்ச்சி வந்திருக்கும்?

ஊர் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் இடையில் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

ஊரின் அமைப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மேட்டில் பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, தேர் வீதி. அதற்குக் கீழே வீடு கட்டிக் குடியேறியவர்களின் எக்ஸ்டென்ஷன் வீதிகள். அதில் நாலாவது வீதியில் எங்கள் வீடு. அதற்கும் கீழே ஒரு நூல் மில். எல்லாவற்றுக்கும் கீழே பள்ளம், அதாவது மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. பள்ளத்தின் கரையில் இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். ஊரின் சாக்கடைகளை அள்ளுகிறவர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். ஊர்ச் சாக்கடை மொத்தமும் அந்த வீடுகளின் முன்னால் ஓடி, ஒரு குழாய்ப் பாலத்துக்குள் நுழைந்து, பள்ளத்தில் விழும். குழாயில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் போகும். வருடம் தவறாமல் அடைத்தது. வருடம் தவறாமல் போனது.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில், எல்லாச் சாக்கடைகளையும் தூர்வார வேண்டும். ஆள் பன்னிரண்டு பேர், லாரி ஒன்று. நாளுக்கு ஒரு வீதி என்று ஒரு மாதம் ஓடும். எந்த நாளில் எந்த வீதி என்று ஒரு பட்டியல் போடுவோம். அதை ஸ்டென்சிலில், அதாவது நகலெடுக்கும் மெழுகுத்தாளில், தட்டச்சு செய்வது என் வேலை. அந்தப் பட்டியலில் இருக்கும் வீதிக்குத்தான் லாரி போகும். இல்லாத வீதிக்குச் சைக்கிள்கூடப் போகாது.

பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் சிரிப்பேன். வரைபடம் எதுவும் கிடையாது. எங்கே மேடு, எங்கே பள்ளம், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த மூலையில் போன வருடம் நின்றது என்று ஒரு காகிதம் அந்த அலுவலகத்தில் இருந்ததில்லை. போன் மணி அடிக்கிற வரிசைதான் பட்டியலின் வரிசை. அப்போது நகராட்சிக்குத் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் வந்த புதிது. ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார்ந்து, வெற்றிலை போட்ட வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அவ்வளவு மரியாதையாகக் கேட்பார்கள்.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நம்ம வீதிய நாளைக்கே செஞ்சுபோட்டாப் போதுமுங்க."

இன்ஸ்பெக்டர் தலையாட்டுவார். சுகாதார ஆய்வாளர் என்பது அவர் பதவி, இன்ஸ்பெக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காரணம் அவருடைய தோட்டம். வாய்க்கால் பாசனத்தில் கடைமடையில் இருந்தது அது. காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மேல்மடைக்காரர்களைப் பிடித்துக்கொள்வார்.

"ஏனுங் அம்மணி, மேல இருக்கறவன் இஷ்டத்துக்குச் செஞ்சான்னா கீழ இருக்கறவன் என்னுங் பண்றது? கடைமடையில இருக்கறவன் மனுசன் இல்லீங்களா?"

டீ வரும்வரை இதுதான் பேச்சு. டீயைக் குடித்துவிட்டுப் பட்டியலைக் கையில் எடுப்பார். முதல் நாள் கடைவீதி, இரண்டாம் நாள் தேர் வீதி, அப்புறம் கவுன்சிலர்களின் வீதிகள், அப்புறம் எக்ஸ்டென்ஷன், கடைசியில் பள்ளத்து வீதி. மேலிருந்து கீழே. காலையில் பேசிய வாய் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். கடைசி நாள் வருவதற்குள் மழை வந்துவிடும், பள்ளத்து வீதி அடுத்த வருடத்துக்குப் போய்விடும். ஏழு வருடம் நான் தட்டச்சு செய்தேன், ஒரு வருடம்கூட அந்தக் கடைசி வரிக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதியதில்லை.

மேலே அள்ளிய மண் என்னாகும் என்று இப்போது சொல்ல வேண்டும். சொல்லும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஈர மண்ணை லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும் என்று டிரைவர் ஏற்ற மாட்டார். ஆகவே அள்ளிய மண்ணை அவரவர் வீட்டு வாசலில், ரோட்டு ஓரமாகக் குவித்துவிட்டுப் போவார்கள். மூன்று நாள் காய வேண்டும். பிறகு லாரி வந்து எடுத்துப் போகும். எழுதிப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

எங்கள் ஊர்ப் பெண்களிடம் இந்த ஏற்பாடு செல்லாது. விடிந்ததும் வாசல் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போடாமல் எங்கள் வீதியில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். கேட்டுக்கு முன்னால் கறுப்பாக ஒரு குவியல் உட்கார்ந்திருந்தால் கோலத்துக்கு எங்கே இடம்? முதல் நாள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில், எதிர் வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, சீமாறை எடுத்து அந்த மண்ணைக் கொஞ்சம் பக்கத்து வீட்டுப் பக்கமாக நகர்த்துவார்கள். பக்கத்து வீட்டம்மா எழுந்து பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்ல மாட்டார், எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை. "சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்டுவிட்டு, அவரும் தன் பங்குக்குக் குவியலை எதிர்த் திசையில், அதாவது சாக்கடைக்குள்ளேயே, தள்ளிவிடுவார். மேலே இரண்டு குடம் தண்ணீர். மண் கரைந்து ஓடிப் போகும். வாசல் பளிச்சென்று ஆகிவிடும். பன்னிரண்டு பேர் இடுப்பு ஒடிய அள்ளியதில் பாதி, மூன்று நாளுக்குள் சாக்கடைக்கே திரும்பிவிடும். அது கீழேதான் போகும், வேறு எங்கே போகும்?

மேல் வீதிகளைச் சுத்தம் செய்வதும் பள்ளத்து வீதியை அடைப்பதும் ஒரே வேலையாக நடந்துகொண்டிருந்தது. இது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். வாயில் வெற்றிலை போட்டிருந்த அந்தக் கவுன்சிலர்களுக்கும் தெரியும், அத்தனை பேரும் தோட்டத்துக்காரர்கள், மடை திறக்கும் முறை தெரியாதவர்கள் இல்லை. கீழே வழியைத் திறந்துவிட்டு மேலே வர வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பண்ணையாளுக்குக்கூடத் தெரியும்.

அந்த வருடம் பட்டியல் போடுவதற்கு நாலைந்து நாள் முன்னால் அவள் வந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நாற்பது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுவாள், எங்களிடம் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசுவாள். அலுவலகத்துக்குள் வரவில்லை. கதவு நிலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. என்னைவிட மூத்தவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். பஸ் கண்டக்டருக்கும் தபால்காரருக்கும் மூச்சுக்கு மூச்சு மரியாதை கொடுக்கிற ஊர், சாக்கடை ஓரத்தில் மட்டும் அதை மறந்துவிடும்.

"ஏனுங் அம்மணி, ஒரு சேதி சொல்லோணும்."

"சொல்லு."

"புள்ள மொதப் பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்துருக்குதுங்க. இது ஒம்போதாம் மாசம். போன வருசம் மாதர தண்ணி உள்ள பூந்துருச்சுன்னா எங்கீங்க படுக்க வெக்கறது? மருமவன் ஊட்டுல இப்பவே சொல்றாங்க, அந்தச் சாக்கடைக்குள்ள எதுக்குப் புள்ளய அனுப்பறதுன்னு. எங்க பாலத்த மட்டும் மொதல்ல தொறந்துட்டாப் போதுமுங்க. ஒரு நாள் வேல."

"நீங்கதான அள்ளறீங்க. ஒரு ஞாயித்துக்கெழம நீங்களே அள்ளிக்கலாமே."

இப்படிக் கேட்டேன். கேட்டது நான்தான்.

"அள்ளிக்குவமுங்க. அள்ளி எங்க போடறதுங்க? லாரி வந்தாத்தான எடுத்துட்டுப் போகும். பட்டியலுல இல்லாத வீதிக்கு லாரி வராதுங்களே. ஒரு வரி எழுதுனீங்கன்னா ஆச்சுங்க."

ஒரு வரி. அவள் கேட்டது அவ்வளவுதான். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும், பிறக்கிற பிள்ளையைக் காய்ந்த தரையில் போட வேண்டும். அதற்கு ஒரு வரி. இன்ஸ்பெக்டர் பட்டியலின் முதல் மூன்று வீதிகளைப் பார்ப்பார், கடைவீதியும் தேர் வீதியும் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். நடுவில் நான் எதை எழுதினாலும் அவருக்குத் தெரியாது.

"எழுதறேன், போ," என்றேன்.

எழுதவும் செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. முதல் வாரம் வியாழக்கிழமைக்கு நேரே 'பள்ளத்து வீதி மற்றும் குழாய்ப் பாலம்' என்று ஸ்டென்சிலில் அடித்தேன். சாயங்காலம் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், கைநாட்டு வைக்க வந்தவளிடம், எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வீடு போகும்வரை மனசு நிறைவாக இருந்தது. ஊருக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட நினைப்பு.

வீட்டில் என் கணவர் எனக்காகக் காத்திருந்தார். கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மேலாளர் அவர், வழக்கமாக எனக்குப் பின்னால்தான் வருவார். அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பெரிய இடம். காரில் வருவார்கள்.

"ஊட்டு முன்னால சாக்கடை ரொம்பி நிக்குது. வாரவங்க காரவிட்டு எறங்குனதும் அதுலதான் கால வெக்கோணும். நீ அந்த ஆபீசுல இருந்து என்ன அம்மணி பிரயோசனம்?"

எங்கள் வீதி பட்டியலில் மூன்றாம் வாரம் இருந்தது. நான் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை அள்ளினால் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் காயும். சனிக்கிழமை சாயங்காலம் லாரி எடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீதி கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வேறு எந்த நாளும் இவ்வளவு பொருத்தமாக வரவில்லை. பள்ளத்து வீதியை எங்கள் நாளுக்கு மாற்றிவிட்டால் அதிலும் குறைவில்லை, இரண்டே வாரம்தான் தள்ளிப் போகிறது, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒன்பதாம் மாதம்தானே. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்மிடம் நாம் பேசும்போதுதான் வாய் கூசுவதில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். ஸ்டென்சிலில் தவறை அழிப்பதற்கு ஒரு சிவப்புத் திரவம் வைத்திருப்போம், நகப் பாலீஷ் மாதிரி மணக்கும். அதை அந்த வரியின்மேல் பூசினேன். காயும்வரை ஊதினேன். அதன்மேல் 'எக்ஸ்டென்ஷன் நாலாவது வீதி' என்று அடித்தேன். மூன்றாம் வாரத்தில் பள்ளத்து வீதியை அடித்தேன். இன்ஸ்பெக்டர் வந்து, மேல்மடைக்காரர்களைத் திட்டி, டீ குடித்து, கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன், வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை. எட்டு மணிக்கு வீதியில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் கேட்டுக்கு நேராக, சாக்கடைக்குள், முழங்கால்வரை இறங்கி அவள் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு பேரில் அவள்தான் எங்கள் வாசலுக்கு வர வேண்டுமா என்று எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

அவள் மண்வெட்டியைக் கல்லில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பட்டியலு மாறிப்போச்சுங்களாமாங் அம்மணி. மேஸ்திரி சொன்னாரு."

"அப்பிடியா?" என்றேன்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் வேண்டும் என்றாள். சொம்பில் கொண்டுவந்து மேலிருந்து ஊற்றினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குவித்துப் பிடித்துக் குடித்தாள். அந்தக் கையில் சாக்கடை மண் இருந்தது. டம்ளரில் கொடுத்திருந்தால் அந்தக் கை தண்ணீரில் படாமல் குடித்திருக்கலாம். எங்கள் வீதியில் டம்ளரில் கொடுக்கிற வழக்கம் இல்லை.

சாயங்காலம் எங்கள் வாசலில் இடுப்பு உயரத்துக்குக் குவியல் நின்றது. அதில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்ல விரும்பவில்லை. எங்கள் வீடுகளிலிருந்து போனதுதான் எல்லாமே. அப்படியும் அள்ளியவர்களைத்தான் வீதியே முகம் சுளித்துப் பார்த்தது.

சனிக்கிழமை லாரி வரவில்லை. ஏதோ ஒரு கவுன்சிலருடைய உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றப் போயிருக்கிறது என்று மேஸ்திரி சொன்னார். திங்கட்கிழமை கட்டாயம் வரும் என்றார். ஞாயிறு பத்து மணிக்குக் கார் வரும் வீட்டுக்குத் திங்கட்கிழமை லாரி வந்து என்ன பயன்?

ஞாயிறு விடிந்ததும் நான் சீமாறோடும் மண்வெட்டியோடும் வெளியே வந்தேன். எதிர் வீட்டம்மாவும் வந்தார். எங்கள் வீட்டு விசேஷம் வீதிக்கே தெரியும், ஆளாளுக்கு உதவிக்கு வந்தார்கள். அந்த வீதியில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சாக்கடையை மூடியிருந்த கல்பலகையை நெம்பித் தூக்கி, குவியலை மொத்தமாக உள்ளே இறக்கினோம். போர் போட்டிருந்த வீட்டிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டோம். எங்கள் வீட்டுக்காக ஆரம்பித்தது, எதற்கு மிச்சம் வைப்பது என்று இரண்டு பக்கமும் எல்லா வீட்டுக் குவியலும் போனது. போகாத கட்டியை நான்தான் கம்பால் குத்திக் குத்தி நகர்த்தினேன்.

"ஓடிப்போச்சுங்க, நம்ம வீதிய உட்டு ஓடிப்போச்சுங்க," என்று எதிர் வீட்டம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

பிறகு குளித்து, சாணி தெளித்து, வாசல் நிறையக் கோலம் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீதி சுத்தமாக இருக்கிறது என்று பையனின் அம்மா வாய்விட்டுச் சொன்னார். பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த இடம் தகையவில்லை, அது வேறு கதை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. புரட்டாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. பொழுது சாயும்வரை விடவே இல்லை. எங்கள் வீதியில் சாக்கடை தங்குதடையில்லாமல் ஓடியது. கணவர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லையே, நன்றாகத்தான் அள்ளியிருக்கிறார்கள் என்றார். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கள், செவ்வாய் அவள் வேலைக்கு வரவில்லை. பள்ளத்து வீதியில் இடுப்பளவு நின்றதாக மேஸ்திரி சொன்னார், வடிந்த பிறகு வீடுகளுக்குள் முழங்கால் உயரம் மண்ணாம். நான் ரிஜிஸ்தரில் வராதவர்களுக்கு நேரே வராதவர்கள் என்று குறித்துக்கொண்டேன். புதன்கிழமை வந்தாள். அதே கதவு நிலைக்கு வெளியே நின்றாள். லீவுக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம தண்ணி ஏற ஏறவே புள்ளைக்கு வலி வந்துருச்சுங்க. கதவ நெம்பி எடுத்து அதுல படுக்க வெச்சோமுங்க. ஆட்டோக்காரன் தண்ணியப் பாத்துட்டு வரமாட்டனுட்டான். அப்பறம் நம்ம குப்ப வண்டி இருக்குதுங்கல்ல, தள்ளற வண்டி, அதுல கதவோட வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளீட்டுப் போனமுங்க. பையன் பொறந்துருக்கானுங்க. ரெண்டு பேருத்துக்கும் உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்குத்தான் காய்ச்சல் உடமாட்டீங்குது."

நான் காகிதத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். அவள் தொடர்ந்தாள்.

"மருமவன் ஊட்டுல வந்துட்டாங்க. காய்ச்சல் உட்டதும் ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவிய ஊட்டுக்கே கூட்டீட்டுப் போறாங்களாமாங்க. இனி எங்கூட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாமா. பையன ஒரு நாளு எங்கூட்டுல போடறதுக்குக் குடுத்து வெக்கலீங்க." அழவில்லை. "நீங்க எழுதித்தானுங்க இருந்தீங்க?"

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அங்கே நானும் அவளும் தவிர யாரும் இல்லை. பக்கத்து அறையில் இன்ஸ்பெக்டர் போனில் யாரிடமோ சரிங்க, ஆகட்டுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது.

"எழுதித்தான் வச்சிருந்தேன்," என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, தாடையால் பக்கத்து அறையைக் காட்டினேன். "அவருதான் மாத்திட்டாரு."

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "நீங்க அப்பிடிச் செய்யமாட்டீங்க."

மனுவை எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. தயிர்ச் சாதமும் மாவடுவும் கொண்டுபோயிருந்தேன், மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

அவள் இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைப்பதை நிறுத்திவிட்டாள். அவருக்குக் காரணம் புரியவில்லை. "அவளுக்கு என்னுங் ஆச்சு, ஆளப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா," என்று என்னிடமே கேட்டார். தெரியவில்லையே என்றேன்.

அடுத்த வருடம் பட்டியலின் முதல் வரியிலேயே பள்ளத்து வீதியை அடித்துக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். முதல் வரியை அவர் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படித்தார். பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தார். "மேல முடிச்சுட்டுக் கீழ போலாமுங்க அம்மணி," என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. நான் சொன்ன பொய் ஒரு வருடம் கழித்து உண்மையாகிவிட்டது அல்லவா? மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறேன், அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

எங்கள் வீதியின் முறை வந்தது. அன்று சாயங்காலம் மற்றவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகும் அவள் போகவில்லை. எங்கள் வாசல் குவியலை இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்து, வீதிக் கடைசியில் இருந்த காலி மனையில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஈர மண் சட்டியிலிருந்து அவள் கழுத்தில் ஒழுகியது. திரும்ப வந்து அள்ளினாள். நாற்பது நடை இருக்கும். மறுநாள் காலை வீதியிலேயே எங்கள் வாசல் ஒன்றுதான் காலியாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி என்று எதிர் வீட்டம்மா கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

நான் வேறு பிரிவுக்கு மாறும்வரை, வருடா வருடம் இதைச் செய்தாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. வேண்டாம் என்று நான் ஒரு தடவையாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

கடைசி வருடம் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஊருல அத்தன பேரு இருக்கறாங்க. எங்களுக்குன்னு ஒரு வரி எழுதுனது நீங்க ஒருத்தருதானுங் அம்மணி."

நான் கேட்டுக்கு உள்பக்கமாக ஒதுங்கி நின்றேன், சேலையில் படாமல்.